மலைநாட்டு வாக்கும் செல்வநாயகத்தின் வழக்கும்

(அட்டனில் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் மரக்கறிச் செய்கையாளரும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



யாழ்ப்பாணத்து அப்புக்காத்து ஒருவரைப் பற்றி அட்டனில் நின்று பேசுவதற்கு என்ன நியாயம் என்று இங்கே இருப்போரிற் சிலராவது கேட்பர். கேட்கத்தான் வேண்டும். சா. ஜே. வே. செல்வநாயகம் வடக்கிலும் கிழக்கிலும் தந்தை செல்வா எனப் போற்றப்படுகின்றார். யாழ்ப்பாணத்திலே அவருக்கு நினைவுத் தூணும் உண்டு. இம்மலைநாட்டிலோ அவர் பெயரைச் சொன்னவுடன், ‘பெரிய மனிதர்தான், எங்களுக்கு என்ன செய்தார்?’ என்ற கேள்வி எழுகின்றது. வடக்கிலே இளைஞர் வேறொரு கேள்வி கேட்கின்றனர்: ‘முப்பதாண்டு காலம் சாத்வீகம் பேசி, ஒப்பந்தம் எழுதி, கண்ட பலன் யாது?’

இவ்விரண்டும் ஒரே மனிதர்மீது தொடுக்கப்பட்ட இரண்டு வழக்குகள். இன்று முதலாவது வழக்கையே பெரிதும் விசாரிக்க விரும்புகின்றேன். அது உங்கள் வழக்கு. விசாரிக்குங்கால் இரண்டாவதற்கும் விடை ஓரளவு கிடைக்கும்.

செல்வநாயகம் 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி மலாயாவிலுள்ள ஈப்போ நகரிற் பிறந்தவர். சிறு பிள்ளையாகத் தெல்லிப்பழைக்கு வந்து, யூனியன் கல்லூரியிலும் பரியோவான் கல்லூரியிலும் பின்னர் கொழும்பிலும் கற்று, ஆசிரியராக இருந்து, சட்டம் பயின்று, சிவில் வழக்குகளிலே முதல்வரிசை வழக்கறிஞராக உயர்ந்தார். மெலிந்த உடல், தாழ்ந்த குரல். மேடையிலே இடிமுழக்கம் செய்யும் ஆற்றல் அவரிடம் இருந்ததில்லை. பிற்காலத்திலே நடுக்கநோயும் செவிப்புலக் குறைவும் சேர்ந்துகொண்டன. பேச்சு வன்மையே தலைமை என்று கருதும் நம் நாட்டிலே இத்தகைய ஒருவர் ஒரு மக்களின் தலைவரானது வியப்புக்குரியது. அவர் ஈப்போவிற் பிறந்தவர் என்பதைச் சற்றே நினைவில் வைத்திருங்கள். சட்டப் புத்தகத்தைத் திறக்கும்போது அது தேவைப்படும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து தமிழ்க் காங்கிரஸ் சார்பில் அவர் பாராளுமன்றம் புகுந்தார். அதே தேர்தலில் இம்மலைநாடு என்ன செய்தது? இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவரைத் தெரிந்து அனுப்பிற்று. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், பதுளையில் எஸ். எம். சுப்பையா, அலுத்நுவரவில் டி. இராமானுஜம். வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றது. கொழுந்து கிள்ளும் கை வாக்குச் சீட்டையும் சரியாகவே போட்டது. அதுவே குற்றமாயிற்று.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் வாசகத்தை நிதானமாகப் பார்ப்போம். சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவன் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இலங்கைக்கு வெளியே பிறந்தவனாயின், தந்தையும் தந்தைவழிப் பாட்டனும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருந்தாற் போதும். இதன் விளைவு யாது? ஈப்போவிற் பிறந்த செல்வநாயகம், தெல்லிப்பழைப் பரம்பரையின் பேரால் பிரஜை. டிக்கோயாவிலே லயத்தில் பிறந்து, டிக்கோயாவிலே வளர்ந்து, டிக்கோயாவை விட்டு வேறெதையும் அறியாத பெண், அவள் தந்தை திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்தவர் என்ற காரணத்தால் பிரஜையல்லள். தந்தை இங்கேயே பிறந்தவரென்றாலும் அதை நிரூபிக்கப் பிறப்பு அத்தாட்சி வேண்டும். தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருந்தது. பதிவாளர் புத்தகத்திலோ பலருக்குப் பெயர் இல்லை.

அச்சட்டத்தால் செல்வநாயகத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. அவரைத் தெரிந்த காங்கேசன்துறை வாக்காளருக்கும் நட்டமில்லை. அவர் வாய்மூடியிருந்திருந்தால் அங்கே எவரும் கேட்டிருக்கமாட்டார். இதனை முதற் சான்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

1948 ஆகஸ்டில் பிரஜாவுரிமை மசோதாவைத் தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்தது. அடுத்த மாதமே அதன் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்தார். ஆண்டு முடிவதற்குள் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமை மசோதா வந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வதிந்ததை எழுத்தில் நிரூபித்து விண்ணப்பிக்க வேண்டுமென்பது அதன் சாரம். அமைச்சரவையிலிருந்த தலைவர் அதை ஆதரித்தார். செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் செனற்றர் இ. மு. வி. நாகநாதனும் எதிர்த்து நின்று கட்சியைப் பிரிந்தனர். இன்று இந்தியத் தமிழர். மொழிச் சட்டம் வரும் நாளில் நம்முடைய முறை என்ற பொருள்பட அவர் அன்றே எச்சரித்தார். எட்டே ஆண்டுகளில் அது பலித்தது. 1949 டிசம்பர் 18ஆந் திகதி மருதானையிலே இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. அதே 1949இல் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜையல்லாதவனுக்கு வாக்கில்லை என்று கதவைச் சாத்தியது.

வடக்கு, கிழக்குத் தமிழருக்கெனப் பின்னாளில் அறியப்பட்ட அக்கட்சி பிறந்தது மலைநாட்டுத் தமிழன் உரிமையிழந்த காரணத்தால் என்பதை வடக்கிலுள்ளோரும் மறந்தனர். இங்குள்ளோர்க்கும் எவரும் சொல்லவில்லை. 1952 தேர்தலிலே அதற்கு விலையும் கொடுத்தார். காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார், கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள். அத்தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் ஒருவர்தானும் பாராளுமன்றம் செல்லவில்லை. ஆயினும் தொகுதி பிரிக்குங்கால் தோட்டத்து மக்கள் எண்ணிக்கையிற் சேர்க்கப்பட்டே வந்தனர். தலையை எண்ணி ஆசனம் ஒதுக்குவர்; அந்தத் தலைக்குரியவன் வாக்களிக்கப் போனால் இடாப்பில் பெயர் இல்லை என்பர். இத்தகைய கணக்கை எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுதத் துணிந்ததில்லை.

வழக்குமன்றத்தின் வாயிலும் தட்டப்பட்டது. றுவான்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடாக்கன்பிள்ளை என்பவர் கோரிய வழக்கு அது. ஓரினத்தாருக்கு மாத்திரம் குறைபாடு விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்பது சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. திருத்த அலுவலர் அவர் பக்கமே முடிவு சொன்னார். உயர் நீதிமன்றம் 1951இல் அதை மாற்றியது. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் அரசுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. தன் பிரஜைகள் யாவர் என்று தீர்மானிப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான அதிகாரம் என்பது நியாயம். சட்டத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்ற சொல் இல்லைதான். வலையிலும் மீன் என்று எழுதியிருப்பதில்லை.

ஒப்பந்தத்தின் எழுத்து

இனி அவர்மீதுள்ள குறையையும் மறைக்காது பார்ப்போம்.

1956 ஜூன் 5ஆந் திகதி, தனிச் சிங்கள மசோதா வந்த நாளில், காலிமுகத்திடலிலே சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடியுண்டனர். ஆகஸ்டில் திருகோணமலை மாநாட்டிலே தமிழரசுக் கட்சி நான்கு கோரிக்கைகளை வகுத்தது: சமஷ்டி ஆட்சி, தமிழுக்குச் சம அந்தஸ்து, பிரஜாவுரிமைச் சட்டங்களை நீக்கி, வதிவொன்றையே அளவுகோலாகக் கொண்ட சட்டம், தமிழ்ப் பிரதேசங்களில் அரசாங்கக் குடியேற்றத்தை நிறுத்தல். மலைநாட்டு மக்களின் உரிமை நான்கில் ஒன்றாக நின்றது.

ஓராண்டு கழிந்து, 1957 ஜூலை 26ஆந் திகதி, பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. பிரதேச சபைகள் பற்றி அதிலே விவரம் உண்டு. வடக்குக்கு ஒரு சபை. கிழக்குக்கு இரண்டோ பலவோ. மாகாண எல்லை கடந்தும் அவை இணையலாம். விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி எனத் துறைகள் பெயர்சொல்லிக் குறிக்கப்பட்டன. மொழி பற்றியும் வாசகம் உண்டு. பிரஜாவுரிமை பற்றி? தமிழரசுக் கட்சியினர் தம் கருத்துகளை முன்வைத்து விரைவான தீர்வை வலியுறுத்தினர். இப்பிரச்சினை விரைவிற் கவனிக்கப்படும் எனப் பிரதமர் தெரிவித்தார். அவ்வளவே. இவர் சொன்னார், அவர் கேட்டார் என்ற குறிப்பு அது. திகதி இல்லை, செய்ய வேண்டிய காரியம் இல்லை, செய்யாவிட்டால் என்ன என்பதும் இல்லை. காணி விற்பனை உறுதியிலே இத்தகைய வாசகம் எழுதிய நொத்தாரிசிடம் எந்தக் கமக்காரனும் திரும்பிப் போகமாட்டான்.

முதல்தரச் சிவில் வழக்கறிஞருக்கு இது தெரியாதா? நன்கு தெரியும். கிடைத்ததை முதலில் வாங்கி, மிகுதியை அடுத்த தவணைக்கு விடலாமென்று கருதினார் என்பதே என் எண்ணம். தவணையாய் விடப்பட்டது யாருடைய பங்கு என்பதுதான் மலைநாட்டான் கேட்கும் கேள்வி. அது நியாயமான கேள்வி. வாக்குள்ளவனின் பங்கு விவரமாக எழுதப்பட்டது. வாக்கில்லாதவனின் பங்கு நல்லெண்ணமாக நின்றது. மேசையில் அமர்ந்த இருவரிற் கெட்டவர் எவருமிலர். மேசையருகே இல்லாதவனின் காரியம் இப்படித்தான் எழுதப்படும்.

அந்த ஒப்பந்தமும் நிலைக்கவில்லை. அதற்கெதிராக ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டியை நோக்கி நடந்தார். 1958 ஏப்ரல் 9ஆந் திகதி பிக்குமார் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்தனர். அன்றே அவர் அதைக் கைவிட்டதாக எழுத்தில் கொடுத்தார். அதே நாட்களில் வாகன இலக்கத்தகட்டு ஸ்ரீ எழுத்துக்கெதிரான கிளர்ச்சியின்போது பொகவந்தலாவையிலே பொலிசாரின் சூட்டுக்குத் தோட்டத் தொழிலாளர் பலியாயினர். ஒப்பந்தத்தில் ஒரு வரிக்குமேல் இடம்பெறாதவர்கள், அது கிழிந்தபோது உயிரைக் கொடுத்தனர். மே மாதம் நாடெங்கும் கலகம் மூண்டது. தாக்குண்டவர்களின் தலைவரான செல்வநாயகம் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

1961 சத்தியாக்கிரகத்தை நீங்கள் அறிவீர்கள். பிப்ரவரியில் தொடங்கி, ஏப்ரலில் தமிழரசுத் தபாற்சேவை நடத்தி, அவசரகாலச் சட்டத்தில் தலைவர்கள் பனாகொடை முகாமுக்குப் போனதோடு அது முடிந்தது. அதனினும் உங்களுக்கு நெருக்கமானது 1964 அக்டோபர் 30. அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 மக்கள், அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்வதற்கு. மூட்டை எண்ணிப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தனர். அம்மக்களுள் ஒருவரிடமும் கேட்கவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போய், ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்திருந்த நிலையில் இது வந்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறியவர்களின் உறவினர் இம்மண்டபத்திலேயே இருப்பீர்கள். நான் அதை விவரிக்க வேண்டியதில்லை.

1965 மார்ச் 24ஆந் திகதி டட்லி சேனநாயக்காவோடு செய்த ஒப்பந்தத்திலும் பிரஜாவுரிமை இடம்பெறவில்லை. மாவட்ட சபை, மொழி, காணி என்பனவே இருந்தன. தமிழரசுக் கட்சி அவ்வரசில் மு. திருச்செல்வத்தை அமைச்சராக இருத்தியது. அக்காலத்தில் வந்த 1967ஆம் ஆண்டு அமுலாக்கற் சட்டம், இங்கே பிரஜாவுரிமை வழங்குவதை அங்கே ஆளனுப்புவதோடு கட்டிப்போடவில்லை. அது சிறிய ஆறுதல். 1970இல் ஆட்சி மாறியபின் அந்தக் கட்டும் போடப்பட்டது. மாவட்ட சபையோ வெள்ளை அறிக்கையோடு நின்றது. 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார்.

ஆக, இரண்டு ஒப்பந்தங்கள்; இரண்டும் நடவாதவை. இவற்றைக் காட்டி, மிதவாதமே தோற்றது என்பர் சிலர். நான் அவ்வாறு கூறேன். அயர்லாந்தின் ஜோன் றெட்மண்ட் பாராளுமன்ற வழியிலேயே போராடி, 1914இல் சுயாட்சிச் சட்டத்தைச் சட்டப்புத்தகத்தில் ஏற்றியும்விட்டார். யுத்தத்தைக் காட்டி பிரித்தானிய அரசு அதை ஒத்திவைத்தது. 1916இல் டப்ளினில் கிளர்ச்சி. 1918 மார்ச்சில் றெட்மண்ட் காலமானார். அவ்வாண்டு டிசம்பர்த் தேர்தலிலே அவர் கட்சியைச் சின் பெயின் துடைத்தெறிந்தது. வாக்குக் கொடுத்து மீறியவர்கள் இலண்டனில் இருந்தனர். தண்டனையை ஏற்றவர் றெட்மண்ட். மிதவாதியின் கையிலுள்ள ஒரே நாணயம் எதிர்த்தரப்பின் சொல். அது செல்லாக்காசானால், கடைக்காரன் பிடிப்பது காசை நீட்டியவனைத்தான்.

செல்வநாயகம் பிடிபட்ட விதம் சற்று வேறு. 1972 மே மாதம் புதிய அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு போயிற்று. அதே மாதம் தமிழர் கூட்டணி அமைந்தபோது தமிழரசுக் கட்சியோடு தமிழ்க் காங்கிரசும், தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் சேர்ந்தன. அக்டோபர் 3ஆந் திகதி செல்வநாயகம் தம் ஆசனத்தைத் துறந்து, தமிழ் மக்கள் இந்த அரசியலமைப்பை ஏற்கின்றனரா என்று காங்கேசன்துறையிலேயே பரீட்சித்துப் பார்க்குமாறு அரசாங்கத்துக்குச் சவால் விட்டார். பொறுப்புள்ள அரசாங்கம் மூன்று மாதத்தில் இடைத்தேர்தல் வைத்திருக்கும். இங்கே இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் கழிந்து, 1975 பிப்ரவரி 6ஆந் திகதியே நடந்தது. அவருக்கு 25,927 வாக்கு. எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. வாக்குச் சீட்டால் கேட்ட கேள்விக்கு வாக்குச் சீட்டாலேயே விடை வந்தது. அந்த விடையைக் கொழும்பு படிக்கவில்லை.

1976 மே 14ஆந் திகதி வட்டுக்கோட்டையிலே தனியரசுத் தீர்மானம் நிறைவேறியது. கூட்டாட்சியையே கேட்டு வந்த முதியவர் அதற்குத் தலைமை தாங்கினார். அவர் உள்ளத்தில் இருந்தது எதுவென்று ஆராய்வோர் ஆராயட்டும். மலைநாட்டுக்கு அதனால் விளைந்தது தெளிவு: வடக்கு, கிழக்கில் தனியரசு அமைந்தால் அட்டனுக்கும் பதுளைக்கும் அதிலே இடமில்லை. தொண்டமான் அத்தீர்மானத்தில் பங்குகொள்ளாது விலகினார். அவரைக் குறைகூறுவது எளிது. அவருடைய மக்கள் வாழும் இடத்தைப் படத்தில் பார்த்தபின் குறைகூறுவது கடினம். பின்னர் அவர் அரசாங்கத்துக்குள்ளேயே அமர்ந்து, 1986 ஜனவரியில் பிரார்த்தனைப் போராட்டமும் நடத்தி, நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டம்வரை வந்தார். எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1948இல் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க 55 ஆண்டு.

1976இல் அமிர்தலிங்கம் முதலியோர்மீது நடந்த தனி விசாரணையிலே எதிரிகள் சார்பாக அறுபதுக்கு மேற்பட்ட வழக்கறிஞர் தோன்றினர். அவர்களுள் பொன்னம்பலமும் செல்வநாயகமும் இருந்தனர். மலைநாட்டு மக்களின் வாக்குரிமை பற்றிப் பிரிந்த இருவரையும் எதிரிக்கூண்டின் முன் வரலாறு அருகருகே நிறுத்தியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஒருவரும் ஏப்ரல் 26ஆந் திகதி மற்றவரும் மறைந்தனர். அவ்வாண்டு ஜூலையிலே நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தொண்டமான் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். மலைநாட்டு மக்கள் மீண்டும் ஒருவரைத் தாமே தெரிந்தனுப்பியதை மூன்று மாதத்தால் செல்வநாயகம் காணாது போனார்.

வடக்கிலுள்ளோர்க்கு ஒரு சொல்

இவ்வுரை பத்திரிகையில் வருமாயின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள கமக்காரர் படிப்பர். ஆகவே அவர்களுக்கும் ஒன்று சொல்கின்றேன். 1958இன் பின்னும், தோட்டங்களிற் பசி தலைவிரித்தாடிய 1970களின் முற்பகுதியிலும், 1977 கலவரத்தின் பின்னும், இம்மலைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வன்னிக்கு மக்கள் போயினர். காடு வெட்டினர், வாய்க்கால் வெட்டினர், உங்கள் வயல்களிலே நாட்கூலிக்கு நின்றனர். அவர்களுட் பலருக்கு நின்ற நிலத்துக்கு அனுமதிப்பத்திரம் கிடைக்கவில்லை. கொழும்பு பிரஜாவுரிமை மறுத்ததைக் கண்டித்து மேடையேறியவர்கள், தம் வேலிக்கு அப்பாலே குடிசை போட்டவனுக்குக் காணி உறுதி பெற்றுக்கொடுக்க எத்தனை கூட்டம் கூட்டினர்? செல்வநாயகம் 1948இல் தம் தொகுதிக்கு நட்டமில்லாத ஒன்றுக்காகக் கட்சியைத் துறந்தார். அவர் படத்துக்கு மாலையிடுவோர் தம் ஊரிலே தமக்கு நட்டமில்லாத இக்காரியத்தையேனும் செய்யலாம்.

மலைநாட்டுத் தோழர்களே! வாக்கு வந்துவிட்டது. நிலம் வரவில்லை. லயத்தில் குடியிருக்கும் மிகப் பல குடும்பங்களுக்கு அந்த அறையின்மீது எழுத்தில் எவ்வுரிமையும் இல்லை. கந்தப்பளையிலும் நானுஓயாவிலும் மரக்கறி பயிரிடுவோரிற் பலர், தாம் கொத்தும் நிலத்துக்கு உறுதி கேட்டால் தோட்ட நிருவாகத்தைக் கைகாட்டுகின்றனர். அவர்களோ அரசாங்கத்தைக் கைகாட்டுகின்றனர். தேர்தல்தோறும் ‘கவனிக்கப்படும்’ என்ற அந்த 1957ஆம் ஆண்டுச் சொல் வெவ்வேறு வாய்களிலிருந்து வருகின்றது. எவர் வந்து கேட்பினும் நீங்கள் கேட்க வேண்டியவை சில உள. எத்தனை பேர்ச்? எந்த வரைபடம்? உறுதியிற் கையெழுத்திடும் அதிகாரி யார்? எந்தத் திகதிக்குள்? மறுத்தால் எந்த நீதிமன்றில் வழக்கு? ஆளுங்கட்சியாயினும் எதிர்க்கட்சியாயினும், நம்மவராயினும் பிறராயினும் இதையே கேளுங்கள்.

மண்டபத்தின் பின்புறத்திலே இரண்டு மேசைகள் போடப்பட்டிருக்கின்றன. இப்பகுதிச் சட்டத்தரணிகள் நால்வர் அங்கே அமர்ந்திருப்பர். குடியிருக்கும் லயத்தின் இலக்கம், தோட்டத்தின் பெயர், பிறப்பு அத்தாட்சி, தேசிய அடையாள அட்டை ஆகியவற்றைக் கொண்டுவந்தோர் தம் விவரத்தை இன்றே பதிவுசெய்யலாம். கொண்டுவராதோர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வரலாம். கட்டணம் இல்லை. வயதானவர்களை முதலில் விடுங்கள்.